ரெட்பாக்ஸ் இயந்திரங்களை ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் ஏன் எதிர்த்தன?

அமெரிக்கக் கடை வாசல்களில் ஓர் இரவுக்கு 1 டாலர் வாடகையில் டிவிடி தந்த ரெட்பாக்ஸ் இயந்திரங்களால், புதிய படங்களின் வட்டுகளை விற்று ஈட்டிய வருவாய் கரைந்துவிடும் என்று ஸ்டுடியோக்கள் அஞ்சின. ஆனால் முறைப்படி வாங்கிய வட்டை வாடகைக்கு விடும் உரிமையை அந்நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் வாங்கியவருக்கே அளிப்பதால், யுனிவர்சல், ஃபாக்ஸ், வார்னர் ஆகியவை வாடகையைத் தடுக்க இயலாமல், மொத்த விநியோகஸ்தர்கள் வழியாகச் சரக்கை நிறுத்த முயன்றன. இது சட்டம் தந்த உரிமையைப் பின்வாசல் வழியாகப் பறிப்பதாகும் என்றே கருதுகிறேன். ரெட்பாக்ஸ் 2008 முதல் அவற்றின் மீது வழக்குத் தொடுத்ததுடன், வால்மார்ட் போன்ற கடைகளில் சில்லறை விலைக்கே வட்டுகளை வாங்கி இயந்திரங்களை நிரப்பியது. சோனி 2009-இலேயே ஒப்பந்தம் செய்துகொண்டது. வழக்கில் சிக்கிய மூன்றும், விற்பனை தொடங்கி 28 நாள் கழித்தே வாடகைக்கு விட வேண்டும் என்ற நிபந்தனையுடன் 2010-இல் சமரசத்துக்கு வந்தன.