காகிதம் எந்தப் பக்கம் மடியும்? பண்டிகை அலங்கார வேலைகள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: வாழ்த்து அட்டைக்கும் தொங்கும் பெட்டிகளுக்கும் கெட்டியான வண்ண அட்டை எடுத்தேன். நீளவாக்கில் மடித்தால் கத்தி முனை போல மடிகிறது. குறுக்கே மடித்தால் மடிப்பு வெடித்து உள்ளிருக்கும் வெள்ளை தெரிகிறது. அட்டை மட்டமானதா?

பதில்: அட்டையில் குறையில்லை. ஆலையில் ஓடும் வலையின்மேல் காகிதக் கூழ் பரவும்போது, நார்களில் பெரும்பாலானவை ஓடும் திசையிலேயே படுத்துவிடுகின்றன. இதுதான் இழையோட்டம். அதற்கு இணையாக மடித்தால் நார்களுக்கு நடுவே மடிப்பு விழும். குறுக்கே மடித்தால் நார்களையே முறிக்க வேண்டியிருக்கும். மேல்பூச்சு வெடிப்பது அதனால்தான்.

இழையோட்டத்தைக் கண்டுபிடிக்க, தாளின் இரண்டு எதிர் ஓரங்களைச் சேர்த்து, மடிப்பு விழாதபடி உள்ளங்கையால் வளைவை லேசாக அழுத்துங்கள். பிறகு மற்ற இரண்டு ஓரங்களைச் சேர்த்து அழுத்திப் பாருங்கள். எதில் எதிர்ப்பு குறைவோ, அந்த வளைவின் முதுகு போகும் திசையே இழையோட்டம். சந்தேகம் தீராவிட்டால் ஓரத்தில் சிறு துண்டு கிழித்துப் பாருங்கள். இழையோட்டத்தில் கிழிசல் நேராகப் போகும், குறுக்கே கோணலாக ஓடும்.

160 ஜி.எஸ்.எம்.முக்கு (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) மேற்பட்ட எந்த அட்டையையும் வெறுங்கையால் மடிக்கக் கூடாது. அடியில் நான்கைந்து பழைய செய்தித்தாள்களை விரித்து, அளவுகோலை வைத்து, மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவால் அழுத்திக் கோடு இழுங்கள். கத்தியால் கீறினால் அந்த இடத்தில் அட்டையின் பலம் போய்விடும். கோடு பள்ளமாக விழுந்த பக்கம் மடிப்பின் வெளிப்புறமாக வர வேண்டும், மறுபுறம் புடைத்த மேடு உள்ளே போக வேண்டும். பலரும் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு அட்டையைக் குறை சொல்கிறார்கள்.

கையில் இருப்பது எத்தனை ஜி.எஸ்.எம். என்று தெரியாவிட்டால் ஏ4 தாள்கள் 16 எடுத்துத் தராசில் வையுங்கள். 16 ஏ4 தாள்கள் சேர்ந்தால் ஒரு சதுர மீட்டர். அதனால் கிராமில் வரும் எடைதான் அதன் ஜி.எஸ்.எம்.

கேள்வி: சுவரில் மாட்டும் விசிறி வட்டம் செய்கிறேன். ஒரு ஏ4 தாளை மடித்து நடுவில் கட்டி விரித்தால் முழு வட்டமாகச் சேரவே மாட்டேன் என்கிறது. இழுத்து ஒட்டினால் கிழிந்துவிடுகிறது.

பதில்: இழுத்துப் பயனில்லை, தாளே போதாது. கணக்கைப் பாருங்கள். 21 செ.மீ. பக்கத்துக்கு இணையாக மடித்து நடுவில் கட்டினால் வட்டத்தின் ஆரம் 10.5 செ.மீ., சுற்றளவு 66 செ.மீ. உங்கள் தாளின் நீளம் 29.7 செ.மீ. மேல் பாதி, கீழ்ப் பாதி இரண்டும் சேர்ந்து 59.4 செ.மீ. மடிப்புகளை முற்றிலும் தட்டையாக இழுத்தாலும் 6 செ.மீ.க்கு மேல் இடைவெளி விழும். மடிப்புகள் எடுப்பாக நிற்க வேண்டுமென்றால் சுற்றளவைப் போல ஒன்றரை முதல் இரண்டு மடங்கு தாள் வேண்டும்.

ஆகவே இரண்டு ஏ4 தாள்களை 21 செ.மீ. ஓரத்தோடு ஓரமாக, 1 செ.மீ. மேற்பொருத்தி ஒட்டுங்கள். 1.5 செ.மீ. அகலத்தில் முன்னும் பின்னுமாக மடித்துக்கொண்டே போங்கள். முதல் மடிப்பை அளவுகோல் வைத்துப் போடுங்கள், அது அரை மில்லிமீட்டர் சாய்ந்தாலும் முடிவில் விசிறி கோணிக்கொள்ளும். கடைசியில் அரைகுறை மடிப்பு மிஞ்சினால் வெட்டிவிடுங்கள். நடுவைக் கண்டு நூலால் இறுக்கிக் கட்டி, இரண்டு பக்கமும் விரித்து, சந்திக்கும் ஓரங்களை ஒட்டுங்கள். பசை காயும்வரை அந்த ஓரங்களில் துணிக் கிளிப் மாட்டி வையுங்கள். முனைகளைக் கூராகவோ வளைவாகவோ வெட்ட விரும்பினால் விரிப்பதற்கு முன்பே வெட்டிவிட வேண்டும்.

நடுப்பகுதி குமிழ் போல எழும்பினால் பின்பக்கம் 4 செ.மீ. விட்டமுள்ள அட்டை வட்டத்தை ஒட்டி, காயும்வரை மேலே ஒரு புத்தகம் வையுங்கள். மெல்லிய நகல் தாள் என்றால் இழையோட்டம் பற்றிக் கவலை வேண்டாம். 120 ஜி.எஸ்.எம்.முக்கு மேல் போனால் மடிப்புகள் இழையோட்டத்துக்கு இணையாக வரும்படி தாளை வெட்டிக்கொள்ளுங்கள்.

கேள்வி: காகிதப் பனித்துகள் வெட்டினால் எனக்கு எப்போதும் நான்கு கைதான் வருகிறது. சில சமயம் விரிக்கும்போதே துண்டு துண்டாக உதிர்கிறது.

பதில்: பாதி, மறுபடி பாதி, மறுபடி பாதி என்று மடித்தால் கிடைப்பது 45 பாகைத் துண்டு. அதிலிருந்து நான்கு அல்லது எட்டுக் கைதான் வரும். இயற்கையில் பனித்துகளுக்கு ஆறு கை, பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கப்பட்டிருப்பதால். (இந்த ஆறு முனைகளைப் பற்றி யோசித்து வானியலாளர் கெப்ளர் 1611-இலேயே ஒரு சிறு நூல் எழுதினார்.) ஆறு வேண்டுமென்றால் மூன்றாகப் பங்கிட்டு மடிக்க வேண்டும்.

20 செ.மீ. சதுரத்தை மூலைக்கு மூலை மடித்து முக்கோணமாக்குங்கள். நீளமான மடிப்பு ஓரம் உங்கள் பக்கம் இருக்கட்டும். அதன் நடுப்புள்ளிதான் பனித்துகளின் மையம். அங்கே பாகைமானியை வைத்து 60, 120 பாகைகளைக் குறியுங்கள். வலப்பக்கத்தை ஒரு கோட்டில் மடித்து மேலே கொண்டுவாருங்கள், இடப்பக்கத்தை மற்றக் கோட்டில் மடித்து அதன்மேல் போடுங்கள். ஓரங்கள் சரியாகப் பொருந்திய பிறகே அழுத்தித் தேயுங்கள். அதை மறுபடி பாதியாக மடித்தால் 30 பாகை, 12 அடுக்கு. மேலே நீட்டிக்கொண்டிருக்கும் முனைகளை ஒரே வெட்டில் நீக்குங்கள்.

உதிர்வதற்குக் காரணம் ஒன்றே: ஒரு மடிப்பு ஓரத்தில் தொடங்கிய வெட்டு மறு மடிப்பு ஓரத்தைத் தொட்டுவிட்டது. வெட்டுகளுக்கு இடையே 3 மி.மீ. தாளாவது மிஞ்ச வேண்டும். 80 ஜி.எஸ்.எம். தாளில் 12 அடுக்கு சேர்ந்தால் 1 மி.மீ.க்கு மேல் கனம் வரும். அப்போது மேல் அடுக்கும் கீழ் அடுக்கும் ஒரே அளவில் வெட்டுப்படாது. அதைவிட மெல்லிய தாளே இதற்கு ஏற்றது. கத்தரிக்கோலை அசைக்காமல் தாளைத் திருப்பி வெட்டுங்கள். முடிந்ததும் இரண்டு வெள்ளைத் தாள்களுக்கு நடுவே வைத்து, குறைந்த சூட்டில், நீராவி இல்லாமல் இஸ்திரி போட்டால் மடிப்புத் தடம் தணியும்.

கேள்வி: பசை தடவிய இடமெல்லாம் தாள் அலை அலையாக நெளிகிறதே?

பதில்: வெள்ளைப் பசையில் நீர் இருக்கிறது. நீரைக் குடித்த நார் நீளத்தைவிட அகலத்தில்தான் அதிகம் உப்பும். அதனால் தாள் ஒரு திசையில் அதிகமாக விரிந்து நெளிகிறது. பெரிய பரப்புக்குக் குச்சிப் பசையோ இரட்டைப் பக்க டேப்போ எடுங்கள். வெள்ளைப் பசைதான் வேண்டுமென்றால் தூரிகையால் மெல்லிய படலமாகத் தடவி, ஒட்டிய உடனே கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். இரண்டு தாள்களை முழுதாக ஒட்டும்போது இரண்டின் இழையோட்டமும் ஒரே திசையில் இருக்கட்டும். மாறி இருந்தால் ஒன்று மற்றொன்றை இழுத்து, காய்ந்த பிறகும் வளைந்தே நிற்கும்.

கேள்வி: 5 மீட்டர் காகிதச் சங்கிலிக்கு எத்தனை தாள் வேண்டும்?

பதில்: ஏ4 தாளில் 3 செ.மீ. அகலம், 21 செ.மீ. நீளமுள்ள பட்டைகள் 9 வரும். 1.5 செ.மீ. மேற்பொருத்தி ஒட்டினால் வளையத்தின் விட்டம் ஏறக்குறைய 6 செ.மீ. மீட்டருக்கு 16 முதல் 17 வளையம். 5 மீட்டருக்கு 10 தாள்கள் எடுத்துக்கொண்டால் சில பட்டைகள் மிஞ்சும். சங்கிலியைத் தனியே கட்டினால் நடுவில் இழுபட்டு வளையங்கள் முட்டை வடிவமாகிவிடும், ஈரக்காற்றில் இன்னும் தொய்யும். ஒரு நூலை எல்லா வளையங்களுக்குள்ளும் ஓட்டி, பாரத்தை நூலின்மேல் போடுங்கள்.

கேள்வி: ஐந்து முனை நட்சத்திரத்தை எடுப்பாக, முப்பரிமாணத்தில் நிறுத்துவது எப்படி?

பதில்: 160 முதல் 200 ஜி.எஸ்.எம். அட்டையில் 10 செ.மீ. ஆரத்தில் வட்டம் போடுங்கள். கவராயத்தை 11.8 செ.மீ.க்கு விரித்து வட்டத்தின்மேல் நடத்தினால் ஐந்து புள்ளிகள் விழும். ஒன்றுவிட்டு ஒன்றைக் கோடுகளால் இணைத்தால் நட்சத்திரம் தானே வந்துவிடும். அதன் வெளிவிளிம்பில் வெட்டுங்கள்.

இனிதான் கவனம் வேண்டும். ஒவ்வொரு முனையிலிருந்தும் மையம் வழியாக எதிரே உள்ள உள்மூலை வரை ஒரே நேர்கோடு போகும். ஆனால் முனையிலிருந்து மையம் வரை அது மேட்டு மடிப்பு (முன்பக்கம் புடைத்து நிற்பது), மையத்தைத் தாண்டியதும் பள்ள மடிப்பு (முன்பக்கம் குழிந்து போவது). மேட்டுக் கோடுகளை முன்பக்கத்திலும் பள்ளக் கோடுகளைப் பின்பக்கத்திலும் அழுத்துங்கள். முழுக் கோட்டையும் ஒரே பக்கமாக மடித்துவிட்டால் நட்சத்திரம் எழும்பவே எழும்பாது. பத்து மடிப்பும் சந்திக்கும் மையம் சீக்கிரம் கிழியும். மடிப்பதற்கு முன் அங்கே ஒரு குண்டூசித் துளை போட்டால் அந்த இழுப்பு தணியும்.

கேள்வி: டிஷ்யூ காகிதப் பூப்பந்தைப் பிரிக்கும்போது இதழ்கள் கிழிகின்றன.

பதில்: நுனியைப் பிடித்து இழுக்கிறீர்கள். ஒவ்வோர் இதழையும் அடியில், கம்பி கட்டிய இடத்துக்கு அருகே இரு விரலால் பிடித்து மேல்நோக்கித் தூக்குங்கள். ஒரு பந்துக்கு 50க்கு 70 செ.மீ. தாள்கள் 8 முதல் 10 எடுங்கள், மடிப்பின் அகலம் 4 செ.மீ. கம்பியை மிக இறுக்கினாலும் நடுவில் வெட்டிவிடும்.

கேள்வி: காகித விளக்குக் கூண்டுக்குள் மெழுகுவத்தி வைக்கலாமா?

பதில்: கூடவே கூடாது. இழை பல்பும் வேண்டாம், அது காகிதத்தைத் தொட்டுக்கொண்டே இருந்தால் கருக்கிவிடும். பேட்டரியில் எரியும் எல்.இ.டி. சரம் மட்டும் வையுங்கள். பேட்டரிப் பெட்டி கூண்டுக்கு வெளியே இருக்கட்டும், உறங்கப் போகும் முன் அணைத்துவிடுங்கள். வெளிச்சம் புள்ளி புள்ளியாகத் தெரியாமல் பரவ, உட்புறம் ஓர் அடுக்கு ட்ரேசிங் பேப்பர் ஒட்டுங்கள்.

கேள்வி: செய்தவற்றை அடுத்த ஆண்டுக்கு எப்படிப் பத்திரப்படுத்துவது?

பதில்: விசிறி வட்டத்தில் ஒட்டிய ஓரம் ஒன்றை மட்டும் பிரித்து, மறுபடி மடித்து, நூலால் கட்டி வைக்கலாம். இதற்காகவே அந்த ஓரத்தில் பசைக்குப் பதில் சிறிய கிளிப் போடுவது நல்லது. செலோ டேப் நாளடைவில் மஞ்சளாகிப் பிசுபிசுத்துத் தாளில் கறை விடும், எடுத்து வைப்பதற்கு முன் உரித்துவிடுங்கள். மாவுப் பசையால் ஒட்டியவற்றைப் பூச்சி தேடி வரும். அவற்றைத் தனிப் பெட்டியில் வையுங்கள். வெயில் படும் சன்னலோரம் தொங்கிய வண்ணத் தாள் வெளுத்திருந்தால் அதை எடுத்து வைக்க வேண்டாம். அதன்மேல் அளவுகளை எழுதி, அடுத்த முறைக்கு மாதிரி அச்சாக வெட்டிக்கொள்ளுங்கள்.