டிஃபென்ஸ் ஆர்டரை நம்பி மெஷின் லோன் போடலாமா?

கோவை கணபதியில் மூன்று சிஎன்சி (கம்ப்யூட்டரில் ஓடும் மெஷின்) வைத்துப் பம்ப் பாகங்கள் செய்து கொடுக்கும் வாசகர் கேட்கிறார்: "டிஃபென்ஸ் காரிடார் வந்தால் ஊருக்கே வேலை வரும் என்று 2019-லிருந்து சொல்கிறார்கள். என் பட்டறைக்கு ஒரு ஆர்டரும் வந்தபாடில்லை. இதை நம்பிப் புதிதாக ஒரு விஎம்சிக்கு (மில்லிங் மெஷின்) லோன் போடலாமா?"

இப்போதைக்கு லோன் வேண்டாம். இருக்கிற மெஷினை வைத்தே உள்ளே நுழையப் பாருங்கள்.

காரிடார் என்பது ராணுவத் தளவாடத் தயாரிப்புக்காகச் சென்னை, ஓசூர், சேலம், கோவை, திருச்சி ஆகிய ஐந்து ஊர்களைச் சேர்த்து வைத்த பெயர். ஓர் இடத்தில் கேட் போட்டு ஆள் எடுக்கும் ஃபேக்டரி இல்லை. பணம் மேலிருந்து படிப்படியாகத்தான் இறங்கும். 2021 செப்டம்பரில் 118 அர்ஜுன் எம்கே-1ஏ டாங்கிகளுக்கு 7,523 கோடி ரூபாய் ஆர்டர் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலைக்குப் போனது. 200-க்கு மேற்பட்ட சப்ளையர்களுக்கும் சுமார் 8,000 பேருக்கும் இதனால் வேலை என்று பாதுகாப்பு அமைச்சகம் சொன்னது. கணக்குப் போட்டால் ஒரு டாங்கிக்கு 64 கோடி வருகிறது, ஆனால் எஞ்சின் ஜெர்மன் தயாரிப்பு என்பதால் அந்தப் பங்கு நம் பக்கம் வராது. மீதியிலும் அசெம்பிளி செய்கிற பெரிய கம்பெனிகள் முதலில் நிற்கும், அவர்களிடம் ஜாப் ஒர்க் (கூலிக்குப் பாகம் செய்து தரும் வேலை) எடுப்பவர்கள் அடுத்து. உங்கள் இடம் அங்கேதான். அதனால் ஆவடியைப் பார்த்துக் காத்திருக்காமல், ஏற்கெனவே சப்ளை செய்கிற கோவை, ஓசூர் கம்பெனிகளின் பர்ச்சேஸ் ஆட்களைப் போய்ப் பாருங்கள்.

வேலை கிடைத்தால் முதலில் மாறப்போவது உங்கள் பட்டறையின் பழக்கம். பம்ப் ஷாஃப்ட்டுக்கு ராடு வந்தால் அளந்து, வெட்டி, லேத்தில் ஏற்றிவிடுவோம். டிஃபென்ஸ் வேலையில் ராடின் முனையில் பஞ்ச் அடித்திருக்கும் ஹீட் நம்பரை (எந்த உருக்கில் வந்த உலோகம் என்று காட்டும் எண்), வெட்டுகிற ஒவ்வொரு துண்டிலும் அப்படியே அடிக்க வேண்டும். அந்த நம்பர் உலோக ஆலை தரும் சோதனைச் சான்றிதழான மில் டெஸ்ட் சர்டிபிகேட்டோடு ஒத்துப்போக வேண்டும். நம்பர் இல்லாத துண்டு, அளவு மைக்ரான் சுத்தமாக இருந்தாலும் ரிஜெக்ட்தான். முதல் பீஸை மட்டும் தனியாக அளந்து, டிராயிங்கில் உள்ள ஒவ்வொரு அளவையும் எழுதிக் கொடுத்து, அது பாஸான பிறகுதான் மீதியைத் தொடலாம். இதற்கே மாதங்கள் ஓடிவிடும், அதுவரை இஎம்ஐ யார் கட்டுவது?

ஊருக்கு இதில் கிடைக்கும் பெரிய லாபம் இந்தப் பழக்கம்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இப்படி வேலை பழகிய டர்னரை நாளைக்கு விமான பாகம், மருத்துவக் கருவி என்று எந்த வேலையிலும் நம்பி நிறுத்தலாம்.

அப்புறம், பாதுகாப்பு அமைச்சகத்தின் ஸ்ரீஜன் போர்ட்டலில் இறக்குமதி ஆகும் பாகங்களின் பட்டியல் இருக்கிறது. உங்கள் மெஷினில் ஓடக்கூடியதாக இரண்டு மூன்றைக் குறித்துக்கொண்டு கோவை சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் டிஃபென்ஸ் இன்னொவேஷன் மையத்தில் பேசுங்கள். மொத்த வேலையில் கால் பங்குக்கு மேல் இதற்கு ஒதுக்காதீர்கள், பம்ப் வேலைதான் சம்பளம் போடும்.

பணம் விஷயத்தில் கூச்சப்படாதீர்கள். உதயம் பதிவு (சிறுதொழில்களுக்கான அரசுப் பதிவு) நம்பரை ஒவ்வொரு பில்லிலும் போடுங்கள். சிறு நிறுவனத்துக்கு, சரக்கை ஏற்றுக்கொண்ட 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தர நிறுவன மேம்பாட்டுச் சட்டம் சொல்கிறது, தாமதத்துக்கு வட்டியும் உண்டு. சரக்கை ஏற்றுக்கொண்ட தேதியைக் கையெழுத்தோடு அன்றைக்கே வாங்கி வையுங்கள், பிறகு கேட்டால் இன்ஸ்பெக்‌ஷன் முடியவில்லை என்பார்கள்.