மூன்று லீவர்களும் ஒரு குதிரைவீரனும்

போன இதழில் இரண்டாம் உலகப்போர்க் காலத்துக் கைத்துப்பாக்கிகளைப் பற்றிய ஒரு கேள்விக்குப் பதில் சொன்னபோது, போலந்தின் விஸ் 35-ஐ ஒரே வரியில் கடந்துவிட்டேன். அந்த வரியைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களுக்கே இந்த இதழின் பக்கத்தை ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: 'விஸ்' என்பது அதை வடிவமைத்தவரின் பெயரா?

பதில்: ஒருவரின் பெயரல்ல, இருவரின் பெயர்களுடைய முதல் எழுத்துகள். பியோத்ர் வில்னியெவ்சித்ஸ், யான் ஸ்க்ஷிபின்ஸ்கி என்ற இரண்டு பொறியாளர்கள் சேர்ந்து இதை வடிவமைத்தார்கள். நாம் இரண்டு பெயர்களை 'உம்' போட்டு இணைப்பதுபோல் போலிஷ் மொழியில் நடுவே 'இ' என்று போடுவார்கள். வில்னியெவ்சித்ஸின் 'வ்', இணைக்கும் 'இ', ஸ்க்ஷிபின்ஸ்கியின் 'ஸ்' மூன்றும் சேர்ந்ததுதான் 'விஸ்'. பின்னர் அதன் முதல் எழுத்தை மட்டும் மாற்றி, லத்தீனில் வலிமை என்று பொருள்படும் சொல்லாக ஆக்கிவிட்டார்கள். போலிஷ் உச்சரிப்பில் இரண்டு எழுத்துகளுக்கும் ஒலி ஒன்றே என்பதால், எழுத்து மாறியதே தவிர ஓசை மாறவில்லை. (இதைப் படித்ததும் தமிழின் 'விசை'யோடு உறவு தேடிக் கிளம்பிவிட வேண்டாம். அது தற்செயலான ஒலி ஒற்றுமைதான்.)

இந்தத் துப்பாக்கி பிறந்ததற்கே ஒரு மறுப்புதான் காரணம். 1918-இல் போலந்து மீண்டும் தனி நாடானபோது, பழைய பேரரசுகள் விட்டுப்போன பல ரகக் கைத்துப்பாக்கிகள் அதன் படையினரிடம் கலந்து கிடந்தன. எல்லோருக்கும் ஒரே ரகத்தைக் கொடுக்க விரும்பிய படைத்தலைமை, 1920-களின் இறுதியில் செக்கோஸ்லோவாக்கியத் துப்பாக்கி ஒன்றின் தயாரிப்பு உரிமத்தை வாங்கலாம் என்று யோசித்தது. அது சுடுவது வலுக்குறைந்த குட்டைத் தோட்டா என்பதைச் சுட்டிக்காட்டி எதிர்த்தவர் வில்னியெவ்சித்ஸ். தன்னிடம் இதைவிட நல்ல வடிவம் இருப்பதாக அவர் சொன்னபோது அவர் கையில் ஒரு வரைபடம்கூட இல்லை என்று ஒரு கதை உண்டு. கதை எப்படியிருந்தாலும், 1932-இல் அந்த வடிவத்துக்குக் காப்புரிமை கிடைத்தது. பின்னர் '1935-ஆம் ஆண்டு மாதிரி' என்ற பெயரில் படை அதை ஏற்றுக்கொண்டது.

கேள்வி: அருங்காட்சியகப் படம் ஒன்றைப் பார்த்தேன். இடப்பக்கத்தில் மூன்று லீவர்கள் தெரிகின்றன. இவற்றில் எது பாதுகாப்புப் பூட்டு?

பதில்: மூன்றில் எதுவுமே இல்லை. வந்த கடிதங்களிலேயே எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஏனென்றால் இந்தத் துப்பாக்கியின் மொத்த யோசனையும் இதில்தான் அடங்கியிருக்கிறது.

நடுவில் இருப்பது ஸ்லைடை, அதாவது முன்னும் பின்னும் நகரும் மேற்பாகத்தை, நிறுத்தி வைக்கும் லீவர். கடைசித் தோட்டாவும் தீர்ந்தபின் அதைப் பின்னோக்கிய நிலையிலேயே பிடித்து நிறுத்துவது இதன் வேலை. பிடிக்கு மேலே, சட்டத்தின் (ஸ்லைடைத் தாங்கும் அடிப்பாகத்தின்) பின்கோடியில் இருக்கும் லீவரைப் பார்த்தால், வேறு துப்பாக்கிகளைக் கையாண்ட எவரும் அதைப் பூட்டு என்றே நினைப்பார்கள். உண்மையில் அது துடைப்பதற்காகத் துப்பாக்கியைப் பிரிக்கும்போது ஸ்லைடைப் பிடித்து வைக்கும் கொக்கி மட்டுமே. அதை மேலே தள்ளிவிட்டுத் துப்பாக்கி பத்திரமாக இருக்கிறது என்று எண்ணினால் ஏமாந்துபோவோம்.

மூன்றாவது லீவர் ஸ்லைடின் பின்பகுதியில் இருக்கிறது. அதைக் கட்டைவிரலால் கீழே அழுத்தினால், தோட்டாவைக் குத்தி வெடிக்கவைக்கும் ஊசி முதலில் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் பிறகே, அந்த ஊசியை அடிப்பதற்காகப் பின்னுக்கு இழுபட்டு நிற்கும் சுத்தி விழும். குழலில் தோட்டா இருந்தாலும், சுத்தி அடிப்பதற்கு ஊசி எட்டாது என்பதால் வெடிக்காது. இப்படி ஒரு ஏற்பாடு வேண்டும் என்று கேட்டது குதிரைப்படை. குதிரைவீரனின் ஒரு கை எப்போதும் கடிவாளத்தில் இருக்கும். சுடுவதை நிறுத்தியதும், மற்றொரு கையால் மட்டுமே சுத்தியை ஆபத்தின்றி இறக்கி அவன் துப்பாக்கியை உறைக்குள் போட வேண்டும். குலுங்கும் சேணத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு, இழுத்து நிற்கும் சுத்தியைக் கட்டைவிரலால் மெல்லப் பிடித்து இறக்குவது, கொஞ்சம் வழுக்கினாலும் தன் தொடையையோ குதிரையையோ சுட்டுக்கொள்ளும் வேலை. மீண்டும் சுட வேண்டிய நேரத்தில், உறையிலிருந்து எடுக்கும்போதே கட்டைவிரலால் சுத்தியை இழுத்துக்கொண்டால் போதும்.

இதையெல்லாம் வைத்துப் பாதுகாப்பே கிடையாது என்றும் எண்ணிவிட வேண்டாம். பிடியின் பின்புறத்தில் ஒரு தகடு உண்டு. உள்ளங்கை அதை முழுதாக அழுத்தினால் ஒழிய, விரலால் இழுத்துச் சுடும் விசை வேலை செய்யாது.

கேள்வி: இது அமெரிக்க கோல்ட் 1911-ன் நகல் என்கிறார்களே?

பதில்: கோல்ட்டை வடிவமைத்த ஜான் பிரௌனிங்கின் அடிப்படை முறைதான், ஆனால் நகல் அல்ல. சுடும் கணத்தில் குழலும் ஸ்லைடும் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சில மில்லிமீட்டர் சேர்ந்தே பின்னால் நகரும். பிறகு குழலின் பின்முனை கீழே இறங்கிக் கோப்பு விடுபடும். ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னால் போய் வெற்றுக் கூட்டை வெளியே எறிந்துவிட்டு, திரும்பி வரும்போது அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் தள்ளும். குழலை இறக்குவதற்கு 1911-இல் ஒரு சிறு ஊசல் இணைப்பு உண்டு. விஸ்ஸில் அது கிடையாது. குழலின் அடியில் அதனோடு ஒன்றாக வார்த்ததுபோல் இருக்கும் சாய்வான முனையே அந்த வேலையைச் செய்கிறது. தேயவும் ஒடியவும் ஒரு துண்டு குறைகிறது. தோட்டாவும் வேறு: 9 மில்லிமீட்டர் பாரபெல்லம், மேகசினுக்கு (பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டிக்கு) 8. துப்பாக்கியின் எடை ஏறத்தாழ 1 கிலோ. இந்தத் தோட்டாவுக்கு இந்த எடை அதிகம்தான் என்றாலும், சுடும்போது கை துள்ளாமல் இருப்பதற்கு அந்த எடையே துணை.

கேள்வி: ஜெர்மானியர்களும் இதைத் தயாரித்தார்கள் என்பது உண்மையா?

பதில்: போலந்தே தயாரித்ததைவிடப் பல மடங்கு அதிகமாகத் தயாரித்தார்கள். ராடோம் நகரத்து ஆயுதத் தொழிற்சாலையில் 1939 செப்டம்பருக்குள் ஏறத்தாழ 49,000 துப்பாக்கிகள் முடிந்திருந்தன. ஆக்கிரமிப்பின்போது அதே ஆலையை ஆஸ்திரியாவின் ஸ்டையர் நிறுவனத்தின் பொறுப்பில் விட்டு, 3 லட்சத்துக்கும் மேல் செய்யவைத்தார்கள். ஸ்லைடின் மேலிருந்த போலந்துக் கழுகு போயிற்று. போலந்துக் காப்புரிமை எண்ணைப் பொறிப்பது மட்டும் தொடர்ந்தது. அவசரம் கூடக்கூட மெருகு குறைந்தது. பூட்டென்று நீங்கள் நினைத்த அந்தக் கொக்கியும், தோள்கட்டை மாட்டுவதற்காகப் பிடியின் பின்னால் இருந்த பள்ளமும் கைவிடப்பட்டன.

தொழிலாளர்கள் பாகங்களைக் கடத்தி, மறைவிடங்களில் கோத்துத் தலைமறைவுப் படையினருக்குக் கொடுத்தார்கள். அதைத் தடுக்கவே குழல்களை ஆஸ்திரியாவில் மட்டும் செய்து, கடைசிப் பொருத்தலையும் அங்கேயே வைத்துக்கொண்டார்கள். 1942 அக்டோபரில், துப்பாக்கிக் கடத்தலுக்குத் தண்டனை என்று ஆலைத் தொழிலாளர்கள் உள்ளிட்ட பலரை ராடோமில் பொதுமக்கள் பார்க்கத் தூக்கிலிட்டார்கள்.

கேள்வி: இவ்வளவு நல்ல துப்பாக்கியைப் போருக்குப் பின் ஏன் தொடரவில்லை?

பதில்: அரசியல்தான். சோவியத் அணியில் சேர்ந்த போலந்து, சோவியத்தின் டிடி துப்பாக்கியையும் அதன் 7.62 மில்லிமீட்டர் தோட்டாவையும் ஏற்றுக்கொண்டது. ராடோம் ஆலையே டிடியைத் தயாரித்தது. அடுத்து வந்த பி-64, பி-83 இரண்டும் போலந்துக்காரர்களின் சொந்த வடிவங்கள் என்றாலும், சுட்டது சோவியத்தின் 9×18 தோட்டாவை.

கேள்வி: இப்போதைய 'விஸ் 100' பழைய விஸ்ஸின் புதுப்பதிப்பா?

பதில்: பெயரும் ஊரும் 9 மில்லிமீட்டர் பாரபெல்லம் தோட்டாவும் மட்டும் ஒன்று. நூறு என்பது 1918 விடுதலையின் நூற்றாண்டைக் குறிக்கிறது. அலுமினியக் கலவைச் சட்டம், மேகசினில் 15 தோட்டாக்கள், சுத்தியை முன்கூட்டி இழுக்காமலே முதல் தோட்டாவைச் சுடும் வசதி என்று மற்ற எல்லாமே புதியவை. குதிரைகள் போய் வெகுகாலம் ஆன பின்னும், சுத்தியை இறக்கும் லீவர் அதிலும் இருக்கிறது.