ஈயத்துக்கு வினிகர் - கடிதம்

வணக்கம் ஐயா,

இரண்டு வருடமாக பைசாந்திய, அதாவது கிழக்கு ரோமப் பேரரசின், நாணயங்கள் சேர்க்கிறேன். பேரரசர் ஜஸ்டினியன் காலத்துச் செப்புக்காசு ஒன்றின் பின்புறம் பெரிதாக ‘எம்’ என்று இருக்கிறது. அதற்கு என்ன அர்த்தம்? தங்கக் காசுக்கு வசதி இல்லாததால் ஒரு ஈய முத்திரை வாங்கினேன். அழுக்கேறி இருந்ததால் வினிகரில் ஊறவைத்துத் தேய்த்து, மரப்பெட்டியில் வைத்திருக்கிறேன். இவற்றுக்கு விலை ஏறுமா?

ர.

அன்புள்ள ர.,

அது கிரேக்க எழுத்து. அவர்கள் கணக்கில் 40. அதாவது 40 நும்மி என்ற சிறுகாசுகளின் மதிப்புள்ள ஃபோலிஸ் என்னும் செப்புக்காசு. 498இல் பேரரசர் அனஸ்தாசியஸ் கொண்டுவந்த ஏற்பாடு. விலை பற்றிய கேள்வியை நான் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் வினிகர்! ஈயத்தை வினிகர் ஆவியில் வைத்துத்தான் அந்தக் காலத்தில் ஓவியர்களுக்கு வெள்ளைச் சாயமே செய்தார்கள். தகடு வெள்ளைப் பொடியாகிவிடும். மரப்பெட்டியும் அதே அமிலத்தை மெல்லக் கக்கிக்கொண்டிருக்கும். ஊறப்போட்டது போதாதென்று உள்ளே வைத்துப் பூட்டியும்விட்டீர்கள். வெள்ளையாக ஏதாவது பூத்திருந்தால் வெறுங்கையால் தொடாதீர்கள், விஷம்.

திட்ட எனக்கும் யோக்கியதை இல்லை. என் முதல் ஃபோலிஸும் ஜஸ்டினியனுடையதுதான். பச்சையும் கறுப்புமாக வந்தது. வீட்டில் குத்துவிளக்குத் தேய்க்க வைத்திருந்த புளியை எடுத்துத் தேய்தேய் என்று தேய்த்தேன். புதுச் செம்பாகப் பளபளத்தது. இடப்பக்கம் ‘அன்னோ’, ஆண்டு, என்ற சொல் இருந்தது. வலப்பக்கம் இருக்கவேண்டிய எண் வழவழவென்று ஆகிவிட்டது. ஜஸ்டினியன் ஆட்சியின் 12ஆம் ஆண்டு, அதாவது 538, தொடங்கித்தான் காசில் ஆண்டு போட்டார்கள். 16 என்று இருந்திருந்தால், தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டுபோன 542ஆக இருக்கலாம். அந்த எண் புளித்தண்ணீரோடு அங்கணத்தில் போயிற்று.

தங்கம் இல்லையே என்று வருந்துகிறீர்கள், எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரு ராத்தல் தங்கத்தில் 72 சாலிடஸ் என்ற தங்கக் காசுகள் அடித்தார்கள். அத்தனையிலும் பேரரசர் முகம். அவரைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஈய முத்திரையோ சுங்க அதிகாரிக்கும் உரியது, ஆயருக்கும் உரியது, எங்கோ எல்லையில் கிடந்த படைத்தலைவனுக்கும் உரியது. ஈய வில்லையின் துளைக்குள் கடிதம் கட்டிய நூலை விட்டு, குறடு மாதிரியான இரும்புக் கருவிக்கு நடுவே வைத்து, சுத்தியலால் ஒரே அடி. ஒரு பக்கம் ‘தேவமாதாவே, உன் அடியானுக்குத் துணைபுரி’ என்ற வேண்டுதல், மறுபக்கம் பெயரும் பதவியும். எத்தனையோ பேர் உலகத்தில் இருந்ததற்கு அந்த வில்லை ஒன்றுதான் சாட்சி. கடிதம் மட்கிப்போயிற்று, நூல் போயிற்று. உங்கள் கையில் இருக்கிறவன் யார் என்றுகூடப் பார்க்காமல் அவனை ஊறப்போட்டிருக்கிறீர்கள்.

இன்றே பெட்டியிலிருந்து எடுங்கள். துடைக்க வேண்டாம், எண்ணெய் வேண்டாம். விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்துவைத்து இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்புங்கள். நூல் நுழைந்த துளையையும் சேர்த்து.