கிளட்ச் போகவில்லை, வலது கால்தான் இன்னும் பழகவில்லை

கேள்வி: பெங்களூரு ஹலசூரில் வசிக்கிறேன், எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை. இத்தனை வருடமும் ஆட்டோமேட்டிக் கார்தான் ஓட்டினேன். ஆசைப்பட்டு இரண்டு மாதம் முன்பு 2021 மாடல் போலோ 1.0 டி.எஸ்.ஐ., ஆறு கியர் மேனுவல் வண்டியை செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மூன்றிலிருந்து இரண்டாவது கியருக்கு இறக்கும்போதெல்லாம் வண்டி வெட்டி இழுக்கிறது. பின்சீட்டில் வரும் மாமியார், "இதுக்கு மாட்டு வண்டி தேவலை" என்கிறார். போன வாரம் மேம்பால ஏற்றத்தில் நெரிசலில் நின்றபோது கருகல் வாடை வேறு. மெக்கானிக் பார்த்துவிட்டு, "லேடீஸ் ஓட்டினா கிளட்ச் சீக்கிரம் போயிடும் மேடம், செட்டோட மாத்தணும், முப்பதாயிரம் ஆகும்" என்கிறார். வண்டி வாங்கித் தந்த புரோக்கரும் அவரிடமே விடச் சொல்கிறார். மாற்றிவிடவா? ஹீல்-டோ கற்றுக்கொண்டால் இழுப்பு போய்விடும் என்று என் தம்பி சொல்கிறான். நிஜமா?

பதில்: மாற்றாதீர்கள். இந்த வாரம் வேண்டாம். அந்த மெக்கானிக்கிடம் எந்த வாரமும் வேண்டாம்.

கிளட்ச் பிளேட் தேய்ந்தால் வண்டி வழுக்கும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் மட்டும் கத்தும், வண்டி சாவகாசமாகப் போகும். உங்கள் வண்டி வெட்டி இழுக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் பிளேட் நன்றாகவே பிடிக்கிறது. பிடிக்கிற பிளேட்டைப் போய்விட்டது என்று சொல்கிறவருக்கு ஒன்று தொழில் தெரியாது, அல்லது நன்றாகவே தெரியும். லேடீஸ் ஓட்டினால் போய்விடும் என்பதற்கெல்லாம் பதில் எழுத எனக்குப் பொறுமை இல்லை. பிளேட்டுக்கு ஆண் கால், பெண் கால் தெரியாது.

சந்தேகம் தீர ஒரு சோதனை செய்யுங்கள். காலியான, நேரான சாலையில் நான்காவது கியரில் போங்கள். ஆர்.பி.எம். முள் 2,000 பக்கம் வந்ததும் ஆக்சிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். முள்ளும் வேகமும் சேர்ந்தே ஏறினால் கிளட்ச் நலம். வேகம் அங்கேயே நிற்க முள் மட்டும் 3,000, 3,500 என்று தாவினால்தான் பிளேட் வழுக்குகிறது. இரண்டு நிமிட வேலை, செலவு இல்லை. சில இடங்களில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, நான்காவது கியரில் நின்றபடியே கிளட்ச்சை விட்டுக் காட்டுவார்கள். நாலு தரம் அப்படிச் செய்தால் நல்ல பிளேட்டிலும் வாடை வரும். அந்த வாடையைத்தான் பிறகு உங்களுக்கு ஆதாரமாகக் காட்டுவார்கள்.

புரோக்கரும் மெக்கானிக்கும் ஒரே வாக்கியத்தைச் சொல்கிறார்கள் என்றால் நடுவில் ஒரு கமிஷன் உட்கார்ந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். என் சொந்த வண்டிக்கே இது நடந்திருக்கிறது. வேலைப்பளுவில் வண்டியை வேறொரு இடத்தில் விட்டேன். பில்லில் புது பிளேட் இருந்தது. பழையதைக் கேட்டபோது என் வண்டிக்குப் பொருந்தவே பொருந்தாத அளவில் ஒரு பிளேட்டை எடுத்து வந்து காட்டினார்கள். இருபது வருடம் இந்தத் தொழிலில் இருப்பவனுக்கே அந்தக் கதி. அதனால் என்றைக்காவது நிஜமாகவே மாற்ற வேண்டி வந்தால், பிரித்து எடுக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். பழைய பிளேட்டை வாங்கிக்கொள்ளுங்கள். பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றுக்கும், உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் விலை கேட்டுக்கொண்டு போங்கள். விலை தெரிந்த ஆளிடம் வேறு மாதிரி பேசுவார்கள்.

சரி, ஒரே ஒரு இடத்தில் மட்டும் நான் சொன்னது தப்பாகப் போகலாம். அதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்ல வேண்டும். உங்கள் வண்டியின் டர்போ இன்ஜின் கம்பெனியிலிருந்து வரும்போது 110 பி.எஸ். சக்தியும் 175 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் தரும். பிளேட்டும் அந்த இழுவிசைக்கு ஏற்றதுதான். ஆனால் போலோ வாங்கும் இளவட்டங்களில் பலருக்கு அது போதாது. இன்ஜினின் கம்ப்யூட்டரில் வேறு மென்பொருளை ஏற்றி, இழுவிசையைக் கூட்டிக்கொள்வார்கள். ரீமேப் என்று பேர். இன்ஜின் மாறிவிடும், பிளேட் பழையதே இருக்கும். ஆறு மாதம் பறந்துவிட்டு, விற்கும்போது பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றிவிடுவார்கள். வெளியே பார்த்தால் தெரியாது, புரோக்கர் சொல்லவும் மாட்டார். இந்த மாதிரி வண்டியில் சாதாரணமாக ஓட்டும்போது கிளட்ச் ஒழுங்காகவே இருக்கும். நான்கு, ஐந்தாவது கியரில் முழுதாக மிதித்து டர்போ முழு மூச்சில் தள்ளும்போது மட்டும் முள் தாவும். அதனால் மேலே சொன்ன சோதனையை நான்காவதில் ஒரு தரம், ஐந்தாவதில் ஒரு தரம் செய்யுங்கள், இன்ஜின் நன்றாகச் சூடேறிய பிறகு. ஐந்தாவதுக்கு நகரத்துச் சாலை ஆகாது, நெடுஞ்சாலை வேண்டும். முந்தைய உரிமையாளரின் பெயர் பழைய ஆர்.சி.யில் இருக்குமே, அவரிடம் நேராகவே கேளுங்கள். விற்று முடித்த ஆள் பெரும்பாலும் உண்மை சொல்வார், சிலர் பெருமையாகவே சொல்வார்கள். இந்தச் சோதனையில் முள் தாவினால் பிளேட் போனது நிஜம். அப்போது நீங்கள் சண்டை போட வேண்டிய ஆள் மெக்கானிக் இல்லை, புரோக்கர்.

இப்போது இழுப்புக்கு வருவோம். அதே வேகத்தில் போக இரண்டாவது கியரில் இன்ஜின், மூன்றாவதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகமாகச் சுற்ற வேண்டும். மூன்றாவதில் முள் 1,600-ல் இருந்தால் இரண்டாவதில் 2,400 பக்கம் இருக்க வேண்டும். நீங்கள் கிளட்ச்சை மிதித்ததும் இன்ஜின் சுற்று இறங்கி 900-க்குப் போய்விடுகிறது. அப்படியே கிளட்ச்சை விட்டால், அந்த இன்ஜினைச் சுற்றிவிடும் வேலை சக்கரங்கள் தலையில் விழுகிறது. அதுதான் வெட்டு. ஓடும் பஸ்ஸில் ஏறுகிறவர் நாலடி கூடவே ஓடிக் கம்பியைப் பிடித்தால் குலுங்காது. நின்ற இடத்தில் நின்றுகொண்டு பிடித்தால் தோள்பட்டை போகும். உங்கள் இன்ஜின் நின்ற இடத்திலிருந்து கம்பியைப் பிடிக்கிறது.

அதைக் கூடவே ஓட வைப்பது வலது காலின் வேலை. முதலில் நான்கிலிருந்து மூன்றுக்குப் பழகுங்கள், வித்தியாசம் குறைவு, தப்பும் குறைவு. ஞாயிறு விடியற்காலை, 40 கி.மீ. வேகம், பிரேக்கைத் தொடவே வேண்டாம். கிளட்ச்சை மிதித்து லீவரை மூன்றாவதுக்குக் கொண்டுபோகும் அந்த அரை நொடியில் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்டுங்கள். மிதிக்க வேண்டாம், தட்டினால் போதும். இன்ஜின் ஒரு தரம் 'ம்ம்' என்று எழும்பும். அது இறங்குவதற்குள் கிளட்ச்சை விடுங்கள். முதல் பத்து தரம் அதிகமாகத் தட்டுவீர்கள், வண்டி முன்னால் பாயும். அடுத்த பத்து தரம் பயந்து குறைவாகத் தட்டுவீர்கள், பழையபடி இழுக்கும். முள்ளைப் பார்க்காதீர்கள், சாலையைப் பாருங்கள். சுருதி சேர்ந்ததா என்று காது சொல்லும். ஒரு வாரம் கழித்து மூன்றிலிருந்து இரண்டுக்கு வாருங்கள், 25, 30 கி.மீ. வேகத்தில்.

ஒரு நாள் சரியாக விழும். கிளட்ச்சை விட்ட பிறகு ஒன்றுமே நடக்காது. சத்தம் மட்டும் ஒரு படி ஏறியிருக்கும், வண்டி கியர் மாறியதையே கவனிக்காதது போலப் போய்க்கொண்டிருக்கும். எனக்கு அது முதலில் நடந்தது சின்ன வயதில், சங்ககிரிக்காரர் ஒருவரின் பழைய லாரியில். சிங்க்ரோ, அதாவது பற்கள் சேருமுன் அவற்றின் வேகத்தைத் தானே பொருத்திவிடும் அமைப்பு, இல்லாத கியர் பெட்டி. நியூட்ரலுக்கு ஒரு தரம், கியருக்கு ஒரு தரம் என்று கிளட்ச்சை இரண்டு முறை மிதித்து டபுள் கிளட்ச் அடிக்காவிட்டால் கியர் விழவே விழாது, பல்லைக் கடித்துக்கொண்டு கத்தும். மூன்று நாள் கத்தவிட்டேன். நான்காம் நாள் வெண்ணெயில் கத்தி போவது மாதிரி இறங்கியது. பக்கத்தில் இருந்த அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு எத்தனையோ வண்டி ஓட்டிவிட்டேன். அந்த ஒரு கியருக்கு ஈடாக இன்னும் ஒன்றும் கிடைக்கவில்லை. உங்கள் வண்டியில் சிங்க்ரோ இருக்கிறது, அதனால் டபுள் கிளட்ச் தேவையில்லை. வலது கால் தட்டு மட்டும் போதும்.

உங்கள் தம்பி சொல்லும் ஹீல்-டோ, அதாவது ஒரே பாதத்தால் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து ஆள்வது, பந்தய மைதானத்துக்கு உரிய வித்தை. அடித்தளம் நான் மேலே சொன்னதுதான், அது வராமல் இது வராது. தவிர, இந்தக் காலத்து வண்டிகள் பலவற்றில் இரண்டு பெடலையும் சேர்த்து மிதித்தால் பாதுகாப்புக்காக ஆக்சிலரேட்டரைக் கம்ப்யூட்டரே துண்டித்துவிடும். சில்க் போர்டு சிக்னலில் யாருக்கு வேண்டும் அது?

கருகல் வாடைக்குக் காரணம், ஏற்றத்தில் வண்டியைப் பாதிக் கிளட்ச்சிலேயே பிடித்து நிறுத்தியிருக்கிறீர்கள். ஆட்டோமேட்டிக்கிலிருந்து வருகிற எல்லோரும் செய்வது. ஒரு நாள் வாடையால் பிளேட் சாகாது, தினமும் செய்தால் சாகும். நின்றால் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு நியூட்ரலுக்கு வாருங்கள். முன்வண்டி இரண்டு கார் நீளம் போன பிறகு ஒரே மூச்சில் கிளம்புங்கள். பின்னால் ஹாரன் அடிப்பவர் அடிக்கட்டும், அவர் உங்கள் பிளேட்டுக்குப் பணம் தரப்போவதில்லை. ஓடும்போது இடது காலைக் கிளட்ச் மேல் வைத்து ஓய்வெடுக்க வேண்டாம்.

இதையெல்லாம் லைசென்ஸ் எடுக்கும்போதே யாராவது சொல்லித் தந்திருக்க வேண்டும். 1989-ம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளில் 15-வது விதியை எடுத்துப் பாருங்கள். நெரிசலுக்கு ஏற்பச் சட்டெனக் கீழ் கியருக்கு இறக்கத் தெரிய வேண்டும், இறக்கத்தில் கியர் குறைக்கத் தெரிய வேண்டும், செங்குத்து ஏற்றத்தில் நின்று பின்னால் உருளாமல் கிளம்பத் தெரிய வேண்டும் என்று அதில் வரிசையாக எழுதியிருக்கிறது. எழுதியவர் வண்டி ஓட்டத் தெரிந்தவர்! ஆனால் எட்டுப் போட்டு, ரிவர்ஸ் எடுத்து, கையெழுத்து வாங்கி வந்தவர்கள்தான் நம்மில் பாதிப்பேர். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் கற்றுத் தருகிறவர்கள் பக்கம் இன்னொரு செட் பெடல் இருக்கிறது. கஷ்டமான இடம் வந்தால் அவர்களே மிதித்துவிடுவார்கள், நாம் ஓட்டியதாக நினைத்துக்கொண்டு இறங்குவோம்.

இந்த ஊர் வேகத்தடைகள் தனிக் கொடுமை. இந்திய சாலைக் காங்கிரசின் அளவுப்படி வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், அதன் மேல் 25 கி.மீ. வேகத்தில் ஏறி இறங்கலாம். அதாவது இரண்டாவது கியரில், நிற்காமல். நம் தெருவில் இருப்பதோ ராத்திரியோடு ராத்திரியாக யாரோ கொட்டிய கான்கிரீட் வரப்பு. வண்டி கிட்டத்தட்ட நின்று, முதல் கியர் போட்டுத்தான் தாண்ட வேண்டும். அந்த இடத்தில் மட்டும் ஓடும்போதே முதல் கியருக்கு இறக்கப் பார்க்காதீர்கள். உருளும் அளவுக்கு வேகம் குறைந்த பிறகு போடுங்கள்.

லீவர் நகரும் தூரத்தைக் குறைக்கும் ஷார்ட் ஷிஃப்டர் மாட்டு, லீவர் 'டக் டக்' என்று விழும் என்று யாராவது வருவார்கள். உங்கள் கியர் பெட்டி ஏற்கெனவே சுத்தமாக விழுகிற பெட்டி. அந்தக் காசில் பெட்ரோல் போட்டுக்கொண்டு, ஓசூர், கிருஷ்ணகிரி தாண்டி ஏலகிரிக்குப் போய்வாருங்கள். கொண்டை ஊசி வளைவு 14 இருக்கிறது. வளைவுகளுக்குப் புலவர்கள் பெயரும் கடையெழு வள்ளல்கள் பெயரும் வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே, நேர்ச் சாலையிலேயே பிரேக் பிடித்து முடித்து, காலை எடுத்து, தட்டி, இரண்டாவதுக்கு வந்துவிடுங்கள். வளைவுக்குள் கியரைத் தொடாதீர்கள். உங்கள் இன்ஜினின் முழு இழுவிசை 1,750-லிருந்து 4,000 சுற்றுக்குள் இருக்கிறது. முள் அதற்குள் நின்றால் ஏற்றம் தெரியாது, 1,500-க்குக் கீழே போட்டு அமுக்கினால் திணறும். அதிகாலையில் போங்கள், ஒன்பது மணிக்கு மேல் பஸ்ஸும் குரங்கும் சேர்ந்துகொள்ளும். மாமியாரையும் பின்சீட்டில் உட்கார வையுங்கள், ஆனால் எதையும் முன்கூட்டிச் சொல்லாதீர்கள். திரும்பி இறங்கும்போது நியூட்ரலில் விடாமல், ஏறிய அதே இரண்டாவது கியரிலேயே இறங்குங்கள்.