வாசகர் கேள்வி – பதில்: கணினி வரைபடமும் புவியியல் தகவல் அமைப்பும்

கேள்வி: பழைய வரைபடம் ஒன்றை ஸ்கேன் செய்து கணினியில் வைத்திருக்கிறேன். இதைப் புவியியல் தகவல் அமைப்பு (ஜி.ஐ.எஸ்.) என்று சொல்லலாமா? நிரல் எழுதத் தெரியாதவர் இத்துறையைக் கற்க முடியுமா?

பதில்: சொல்ல முடியாது. ஸ்கேன் செய்த படத்தில் ஆறும் சாலையும் உங்கள் கண்ணுக்குத்தான் ஆறும் சாலையுமாகத் தெரிகின்றன. கணினிக்கு அவை வெறும் நிறப்புள்ளிகள். புவியியல் தகவல் அமைப்பில் ஒவ்வொரு பொருளும் புள்ளியாகவோ கோடாகவோ பலகோணமாகவோ தனக்குரிய இருப்பிடத்துடன் பதிவாகிறது. அதன் பெயர், வகை, அளவு போன்ற விவரங்கள் அதனுடன் இணைந்த அட்டவணையில் இருக்கின்றன. இவ்வகைத் தரவை வெக்டர் என்பார்கள். நிலத்தின் உயரம், வெப்பநிலை, செயற்கைக்கோள் படம் போல இடைவெளியின்றிப் பரவியிருப்பவற்றைச் சிறு கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு மதிப்பாகச் சேமிப்பது ராஸ்டர்.

இவற்றை அடுக்குகளாக ஒன்றன்மேல் ஒன்று வைத்து, ‘ஆற்றிலிருந்து 500 மீட்டருக்குள் உள்ள கிணறுகள் எவை?’ என்பது போன்ற கேள்விகளுக்கு விடை பெற முடிவதே இதன் பயன். 1960களில் கனடாவில் ரோஜர் டாம்லின்சன் இத்தகைய அமைப்பை முதன்முதலில் உருவாக்கியதற்கும், அந்நாட்டின் பரந்த நில வளங்கள் பற்றிய வரைபடங்களைக் கையால் ஒப்பிட்டு மாளாது என்ற நிலைமையே காரணம்.

உங்கள் படத்தையும் இதற்குள் கொண்டுவரலாம். சாலைச் சந்திப்பு போன்ற, இன்றும் மாறாதிருக்கும் சில இடங்களைப் படத்தில் அடையாளம் கண்டு, அவற்றின் ஆயத்தொலைவுகளை (இருப்பிடத்தைக் குறிக்கும் எண்களை) கொடுத்தால், மென்பொருள் படத்தைப் பூமியில் அதற்குரிய இடத்தில் பொருத்திவிடும். அந்த இடங்கள் ஒரே மூலையில் குவியாமல் படம் முழுவதும் பரவியிருக்க வேண்டும். அதன் பிறகு ஆற்றையும் சாலையையும் அதன்மேல் நீங்களே வரைந்து வெக்டர் அடுக்குகளாக்கிக்கொள்ளலாம். இவை எவற்றுக்கும் நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

கேள்வி: எந்த மென்பொருளில் தொடங்குவது?

பதில்: க்யூஜிஐஎஸ். 2002இல் கேரி ஷெர்மன் தொடங்கிய இத்திட்டம் கட்டணமில்லாத, திறந்தமூல மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் இயங்கும். நீண்டகால ஆதரவு உள்ள பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள். பின்னாளில் அலுவலகத்தில் ஆர்க்ஜிஐஎஸ் என்ற கட்டண மென்பொருளைப் பயன்படுத்த நேர்ந்தால், அடிப்படைக் கருத்துகள் அவையேதான்; பெரும்பாலும் பொத்தான்களே இடம் மாறியிருக்கும்.

கேள்வி: ஆயத்தொலைவுகள் கொண்ட அட்டவணை ஒன்றை இணையவழி வரைபடத்தின்மேல் ஏற்றினேன். எல்லாப் புள்ளிகளும் ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில் ஒரே இடத்தில் குவிந்து கிடக்கின்றன. என் தரவு கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. அந்த எண்கள் எந்த முறையில் எழுதப்பட்டவை என்பது மென்பொருளுக்குத் தவறாகச் சொல்லப்பட்டிருக்கிறது. தொடக்கநிலையில் இருப்பவர்கள் படும் அல்லல்களில் பெரும்பகுதி இங்கேதான் பிறக்கிறது. ஆயினும் பல பயிற்சி வகுப்புகள் வண்ணம் தீட்டுவதில் தொடங்கி, இதைக் கடைசிப் பாடத்துக்குத் தள்ளிவிடுகின்றன.

ஜி.பி.எஸ். கருவி தரும் அட்சரேகையும் தீர்க்கரேகையும் கோண அளவுகள்; அவற்றின் அலகு பாகை. இம்முறைக்கு டபிள்யூஜிஎஸ் 84 என்று பெயர். மென்பொருளில் அதன் குறியீட்டு எண் 4326. வளைந்த பூமியைத் தட்டையான பரப்புக்கு மாற்றும் கணக்கு முறைகளே கோட்டுச்சட்டங்கள். இவற்றில் அலகு பெரும்பாலும் மீட்டர். வடிவம், பரப்பு, தொலைவு ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்றையாவது சிதைக்காத கோட்டுச்சட்டம் கிடையாது. இணைய வரைபடங்கள் பெரும்பாலானவை, 1569இல் மெர்கேட்டர் வெளியிட்ட முறையின் ஒரு வகையைக் கையாள்கின்றன. அதன் குறியீட்டு எண் 3857.

உங்கள் அட்டவணையில் இருப்பவை பாகைகள். அடுக்குக்குக் கொடுக்கப்பட்டிருப்பதோ 3857. ஆகவே 70, 20 போன்ற எண்களை, நிலநடுக்கோடும் முதன்மைத் தீர்க்கரேகையும் சந்திக்கும் இடத்திலிருந்து 70 மீட்டர், 20 மீட்டர் என்று மென்பொருள் படித்துவிட்டது. அந்தச் சந்திப்பு கினி வளைகுடாவில் இருக்கிறது. (அட்டவணையில் விடுபட்ட கட்டங்கள் சுழியமாகப் படிக்கப்பட்டாலும் புள்ளிகள் அங்கேதான் போய் விழும். வரும் கூட்டத்தைக் கண்டு, அங்கே இல்லாத தீவுக்கு ‘நல் ஐலண்ட்’ (வெற்றுத் தீவு) என்று பெயரே வைத்துவிட்டார்கள்.)

அடுக்கின் முறையை 4326 என்று திருத்தினால் புள்ளிகள் தம் இடத்துக்கு வந்துவிடும். ஆனால் ஒத்தவை போலத் தோன்றும் இரண்டு கட்டளைகளைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒன்று, அடுக்கின் ஆயத்தொலைவு முறை (ஆயமுறை) இன்னது என்று அறிவிப்பது. இது எண்களைத் தொடாது. மற்றொன்று, எண்களையே வேறு முறைக்குக் கணக்கிட்டுப் புதிய கோப்பாக எழுதுவது. அறிவிப்பு தவறாக இருக்கும்போது முதலாவதையும், அறிவிப்பு சரியாக இருந்து வேறு அலகு தேவைப்படும்போது இரண்டாவதையும் பயன்படுத்த வேண்டும். அப்படியும் புள்ளிகள் வேறெங்கோ விழுந்தால், எக்ஸ் என்பது தீர்க்கரேகை, ஒய் என்பது அட்சரேகை என்பதைச் சரிபாருங்கள். பேச்சில் அட்சரேகையை முதலில் சொல்லிப் பழகியதால் இவற்றை இடம் மாற்றிக் கொடுப்பவர்கள் பலர்.

அளக்கும்போதும் இதே எச்சரிக்கை தேவை. ஒரு பாகை அட்சத்தின் நீளம் எங்கும் ஏறத்தாழ 111 கிலோமீட்டர். ஒரு பாகை தீர்க்கத்தின் நீளமோ நிலநடுக்கோட்டில் அதே அளவாக இருந்து, 60ஆம் அட்சத்தில் பாதியாகி, துருவத்தில் ஒன்றுமில்லாமல் போகிறது. 4326இல் உள்ள ஒரு கிணற்றைச் சுற்றி 500 என்று வட்டம் போடச் சொன்னால், மென்பொருள் அதை 500 பாகை என்று எடுத்துக்கொள்ளும். 3857இல் மீட்டர் கிடைக்கிறதே என்று அதில் தட்டையாகப் பரப்பைக் கணக்கிட்டால், 60ஆம் அட்சத்தில் உண்மையைப் போல் 4 மடங்கு வரும். சிறு பகுதிகளுக்கு, பூமியை 6 பாகை அகலமுள்ள 60 மண்டலங்களாகப் பிரிக்கும் யூடிஎம் முறையையும், கண்டம் அளவிலான பரப்புகளுக்குச் சமப்பரப்புக் கோட்டுச்சட்டத்தையும் கையாளுங்கள்.

கேள்வி: நண்பருக்கு ஷேப்ஃபைல் அனுப்பினேன், திறக்கவில்லை என்கிறார்.

பதில்: எஸ்எச்பி என்று முடியும் கோப்பை மட்டும் அனுப்பியிருப்பீர்கள். வெக்டர் தரவைச் சேமிக்கும் ஷேப்ஃபைல் என்பது ஒரே பெயருடைய பல கோப்புகளின் தொகுதி: வடிவம் எஸ்எச்பியிலும், அதன் சுட்டி (இன்டெக்ஸ்) எஸ்எச்எக்ஸிலும், அட்டவணை டிபிஎஃபிலும், ஆயமுறை பிஆர்ஜேயிலும் இருக்கும். எல்லாவற்றையும் ஒன்றாகச் சுருக்கி அனுப்புங்கள். புதிதாகத் தொடங்குவோர் ஜியோபேக்கேஜ் என்ற கோப்பு வடிவத்துக்கு மாறிவிடுவதே நல்லது. அது ஒற்றைக் கோப்பு என்பதோடு, அட்டவணைத் தலைப்புகளை 10 எழுத்துக்குள் முடக்குவதும் இல்லை.

கேள்வி: பழகிப் பார்க்க நல்ல பயிற்சி ஒன்று சொல்லுங்கள்.

பதில்: 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, இறந்தவர்களின் வீடுகளையும் தண்ணீர்க் குழாய்களையும் மருத்துவர் ஜான் ஸ்னோ ஒரே வரைபடத்தில் குறித்தார். இறப்புகள் பிராட் தெருக் குழாயைச் சுற்றித் திரண்டிருந்தன. அந்தத் தரவு இன்று எண்ணிம வடிவில் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வோர் இறப்புக்கும் மிக அருகிலுள்ள குழாய் எது என்று மென்பொருளைக் கேளுங்கள். பின்பு குழாய்களைச் சுற்றி வொரோனாய் பலகோணங்களை, அதாவது ஒவ்வொரு குழாய்க்கும் மிக அருகில் அமையும் பரப்பைப் பிரித்துக் காட்டும் பலகோணங்களை, உருவாக்குங்கள். இவை நேர்க்கோட்டுத் தொலைவில் அமையும் எல்லைகள். ஸ்னோவோ தெரு வழியே நடக்கும் தொலைவைக் கொண்டு பிராட் தெருக் குழாயின் எல்லையைத் தம் படத்தில் வரைந்து காட்டினார். தெருக்களின் அடுக்கையும் சேர்த்து, வலைப்பின்னல் பகுப்பாய்வுக் கருவியால் அந்த எல்லையை நீங்களும் வரைந்து, பலகோணத்தோடு ஒப்பிட்டு, எந்தெந்த வீடுகள் பக்கம் மாறுகின்றன என்று பாருங்கள்.