பிரித்துத் தைக்க முடிகிற செருப்பு

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வேலையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து விவசாயம் பார்க்கிறேன். கடையை நம்புவதை முடிந்தவரை குறைத்துவிட்டேன். செருப்பு மட்டும் வருடத்துக்கு இரண்டு ஜோடி போய்விடுகிறது. நல்ல தோல் செருப்பாக ஒன்று வாங்கினால் காலத்துக்கும் வருமா? இல்லை, நானே தைக்கக் கற்றுக்கொள்ளட்டுமா?

க., தென்காசி

அன்புள்ள க.,

வாங்குங்கள். ஆனால் மேல்தோலின் பளபளப்பைப் பார்க்காமல் முதலில் செருப்பைத் திருப்பிப் பாருங்கள். ஓரத்தில் ஓடும் தையல் அடிவரை இறங்கியிருக்கிறதா? பசையில் ஒட்டிய சோலிலும் தையல் போலவே வரி அச்சடித்திருப்பார்கள். நகத்தால் நெருடினால் தெரிந்துவிடும்.

நான் ஏமாந்தது சோலில்தான். நல்ல விலை கொடுத்து ஒரு தோல் ஷூ வாங்கி, இரண்டு கல்யாணத்துக்குப் போட்டுவிட்டுப் பெட்டியோடு பரணில் வைத்தேன். சில வருடம் கழித்து எடுத்துப் போட்டால், தெருமுனை போவதற்குள் சோல் ஈரவெல்லம் மாதிரி உதிர்ந்துவிட்டது. மேல்தோலில் ஒரு கீறல்கூட இல்லை. அது பாலியூரித்தேன் என்கிற, நுரை போன்ற பிளாஸ்டிக் சோல். காற்றில் இருக்கும் ஈரமே அதை அரித்துவிடும்; போட்டாலும் போடாவிட்டாலும் ஆயுள் அவ்வளவுதான். பேருந்து நிலையத்தில் செருப்புத் தைப்பவர் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஊசி எங்க சார் ஏத்துறது?" என்றார். அன்றிலிருந்து ரப்பர் அல்லது டயர் சோல்தான் வாங்குகிறேன்.

தோலைப் பொறுத்தவரை, வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பதப்படுத்திய தோல் உள்ளே வரை பழுப்பாக இருக்கும். திண்டுக்கல், ஈரோடு, திருச்சிப் பக்கம் இந்த முறை இன்னும் இருக்கிறது. கால் படும் உள்பக்கத்துக்கு இதுவே நல்லது. வியர்வையை உறிஞ்சும், நாளாக ஆகப் பாதத்தின் வடிவத்துக்கு வந்துவிடும். குரோமியத்தில் பதப்படுத்தியதில் பெரும்பாலும் நடுவில் நீலச் சாம்பல் தெரியும். மேல்பாகத்துக்கு அது தாராளமாகப் போதும். சேற்றுக்குள் மட்டும் எந்தத் தோல் செருப்போடும் இறங்காதீர்கள்.

கற்றுக்கொள்வதா என்று கேட்டீர்கள். தென்னாப்பிரிக்காவில் 1910இல் தொடங்கிய டால்ஸ்டாய் பண்ணையில் காந்தி செருப்புத் தைத்தார். அவருடைய நண்பர் காலன்பாக் ஒரு கிறித்தவ மடத்தில் கற்று வந்து அவருக்குச் சொல்லிக் கொடுத்தார். காந்தி மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். காந்தி தைத்துக் கொடுத்த ஒரு ஜோடியை, அந்நாட்டு அரசில் அவரை எதிர்த்து நின்ற அமைச்சர் ஜெனரல் ஸ்மட்ஸ் பல கோடைகள் போட்டிருந்தார். ஆகவே கற்கலாம். முதலில் வார் தைக்கப் பழகுங்கள்: ஒரே மெழுகுநூல், இரண்டு முனையிலும் ஊசி, குத்தூசி போட்ட ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் நூல் போகவேண்டும். ஒரு தையல் அறுந்தாலும் அடுத்தது பிடித்துக்கொள்ளும்.

ஆனால் இதை உங்கள் ஊர்ச் செருப்புத் தொழிலாளியிடமே போய்க் கற்றுக்கொள்ளுங்கள். இந்த வேலையை ஒரு சாதியின் தலையில் கட்டி, அவர்களையே ஊருக்கு வெளியே நிறுத்தியவர்கள் நாம். அவர் பக்கத்தில் தரையில் உட்காருங்கள், சொல்லித் தருவதற்குக் கூலி கொடுங்கள், பேரம் பேசாதீர்கள். சோல் மாற்றுவது போன்ற பெரிய வேலையை எப்போதும் அவரிடமே கொடுங்கள். அவர் அங்கே இருந்தால்தான் உங்கள் செருப்பும் பத்து வருடம் இருக்கும்.

அப்புறம், நனைந்தால் உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் காயவையுங்கள். வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். குதிகால் ரப்பர் பாதி தேய்ந்ததுமே மாற்றிவிடுங்கள்.